பொட்டு வச்ச தோட்டா

அந்த மஞ்சப்பைய இப்படிக் குடுத்துட்டு உக்காருங்க. கல்யாண வீட்டுப் பை. தேங்காயும் பழமும் இருக்குது, நசுங்குனா வேட்டி பாழாப் போயிரும். வால்பாறைக்குத்தானுங்களா? அப்ப நாப்பது கொண்டை ஊசி வளைவும் ஒரே பஸ்ஸுல ஒன்னாத்தான் போறோம். வாந்தி கீந்தி வருமுங்களா? வராதா, நல்லது. வந்தாலும் சன்னல் பக்கம் நான் விடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

உடுமலையில கல்யாணம். என் தங்கச்சி மயிலாத்தா மகளுக்கு. தங்கச்சி மகளுக்குக் கல்யாணம்னா நான் யாருங்க? நீங்களே சொல்லுங்க. தாய்மாமன். அந்தப் புள்ளைக்கு மாலையப் போட்டு, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியவன். பத்திரிகை வரல. வராட்டி என்ன, தாய்மாமனுக்கு எதுக்குப் பத்திரிகைன்னு பட்டும் கையுமாப் போயி எறங்குறேன். அங்க எனக்கு முன்னால நல்லசிவம்னு ஒருத்தன் தோள்ல துண்டப் போட்டுக்கிட்டு நிக்கறான். எங்க பெரியப்பன் மகன். முறுக்குச் சுட்டு விக்கறவன். எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் கையில எண்ணெய் நாத்தம் போகாது. அந்தக் கையால புள்ளையக் கூட்டிட்டுப் போறான். நான் பந்தல்ல பின்னால இரும்பு நாற்காலியில உக்காந்து பாக்கறேன். அட்சதைய அங்கிருந்தே வீசினேன். முன்னாடி இருந்தவரு வழுக்கையில விழுந்துச்சு.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு தோட்டா. ஆமாங்க, துப்பாக்கித் தோட்டா. சிரிக்காதீங்க. சரி, சிரிச்சாலும் சிரிங்க, சிரிக்கற கதைதான்.

நான் வெள்ளைப்பாறை எஸ்டேட்டுல பெரிய கிளார்க்கா இருந்தவன். சென்னியப்பன்னா அந்தக் காலத்துல மலையில எல்லாருக்கும் தெரியும். ஆபீஸ் சாவி, ஸ்டோர் சாவி, துப்பாக்கி அலமாரி சாவி, எல்லாம் என் இடுப்புலதான். அப்ப வேட்டைக்கு இப்ப மாதிரித் தடை இல்லைங்க. யானை, காட்டெருமை வந்தா எஸ்டேட்டுக்குன்னு லைசென்ஸ் வாங்குன துப்பாக்கி ஒன்னு இருந்துச்சு. தேர்ட்டி நாட் சிக்ஸ். போலீஸ்காரன் கையில பாத்திருப்பீங்களே த்ரீ நாட் த்ரீ, அதுக்குப் பங்காளின்னு வைங்க. அமெரிக்காக்காரன் சண்டைக்குன்னு செஞ்ச தோட்டா. சண்டை முடிஞ்சுது, மனுசனச் சுட்டது போதும்னு மிருகத்தைச் சுட எடுத்துக்கிட்டான். நம்ம ஆளுகளும் வாங்கிட்டாங்க. வெள்ளைக்காரன் காறித் துப்புனாலும் அத வாங்கிப் பீரோவுல வைக்கற சாதிதானே நாம.

அந்தத் துப்பாக்கிக்கு ஒரு ஆள் வேணுமின்னாங்க. நான்தான் மேனேஜர் தொரைகிட்டச் சொல்லி எங்க மாப்ளைக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்தேன். மயிலாத்தா புருஷன், ஆறுச்சாமி. பட்டாளத்துல இருந்துட்டு வந்தவரு. வந்துட்டு என்ன, சும்மா சீட்டாடிக்கிட்டு, விசிலடிச்சுக்கிட்டு, மீசைய முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சாரு. தங்கச்சி கழுத்துல தாலி கட்டிட்டாரே, என்ன பண்றது. கழுத வாலப் புடிச்சாச்சு, உதைய வாங்கித்தானே ஆகணும்.

வந்த அன்னைக்கே ஆரம்பிச்சாருங்க பாடத்தை. அந்தத் தோட்டாவுக்கு ஜாதகமே கணிச்சு வச்சிருந்தாரு. முப்பதுன்னா குண்டோட பருமனாம், ஆறுன்னா அது பொறந்த வருஷமாம், தொள்ளாயிரத்து ஆறு. அப்ப அதுக்கு என்ன நட்சத்திரம் மாப்ளன்னு கேட்டேன். அதுக்கும் சிரிச்சாரு. எதுக்கு எடுத்தாலும் சிரிப்பு. பட்டாளத்துல சுட்ட வெத்துக் கூடு ஒன்ன சாவிக்கொத்துல மாட்டி வச்சிருப்பாரு. அதத் திருப்பிக் காமிச்சு, "பாருங்க மச்சான், அடியில நடுவுல சின்னதா ஒரு வட்டம் இருக்குதுங்களா? விசைய இழுத்தா ஊசி வந்து இங்கதான் குத்தும். குத்துனா குழி விழும். அந்த வட்டத்துக்குள்ளதான் இதோட உசிரே இருக்குது"ன்னாரு. பெரிய ஆராய்ச்சி. நான் கோப்புல கையெழுத்துப் போட்டுக்கிட்டே ஊங்கொட்டினேன்.

அப்பறம் ஒரு நா வந்து, தோட்டாவெல்லாம் பழசா இருக்குது, ரெண்டச் சுட்டுப் பாக்கணும் மச்சான்னாரு. சுட்டுப் பாக்கறதுக்கு இது என்ன தீவாளி வெடியா? கம்பெனிப் பொருளு. மாடு வந்தா சுடுங்க, மரத்தைச் சுடறதுக்கு சாவி தரமாட்டேன்னுட்டேன். அதுக்கும் சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு.

இப்ப ஆயுத பூஜைக்கு வர்றேன். அங்கதான் விசயமே இருக்குது.

மலைக்குப் பூசாரி யாரும் ஏறி வரமாட்டாங்க. அதனால எஸ்டேட் பூஜை எப்பவும் என் கையால. நான் சுத்த சைவம், காலையில குளிக்காம காப்பி குடிக்கமாட்டேன். ஃபேக்டரி வாசல்ல பலகை போட்டு, தேயிலைச் செடி வெட்டற கவ்வாத்துக் கத்தி, தராசு, டைப்ரைட்டர், எல்லாத்தையும் அடுக்கி வைப்பேன். அதுல ராஜா யாருன்னா துப்பாக்கிதான். அதோட தோட்டா. மத்தவன்னா பெட்டியோட தூக்கி வச்சு ரெண்டு பூவப் போட்டுட்டுப் போயிருவான். நான் அப்படி இல்லைங்க. ஒவ்வொன்னையும் வெளிய எடுத்து, தாம்பாளத்துல படுக்க வச்சு, பாலுல கழுவி, நல்லெண்ணெயில ஊற வச்சு, பன்னீர் தெளிச்சு, சந்தனம் பூசுவேன். அப்பறம் அடியில இருக்கற அந்த வட்டம் இருக்குதே, கடவுளாப் பாத்துப் பொட்டுக்குன்னே விட்ட எடம் மாதிரி இருக்கும். அதுல குங்குமம். மோதிர விரலால நல்லா அழுத்தி வைப்பேன். வருஷா வருஷம், அதே தோட்டாவுக்கு. சுடற வேலையே வரலையே, அதனால தீரவும் இல்ல. அத்தனை வருஷப் பூஜை ஏறின தோட்டா அது. சக்தி எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

மாப்ளைக்கு அது மொத பூஜை. முந்தின நா சாயங்காலம் ஆபீசுக்கு வந்தாரு. அன்னைக்கு மட்டும் சிரிக்கல. கையெடுத்துக் கும்பிட்டாருங்க.

"மச்சான், துப்பாக்கிக்கு வேணுங்கற அளவுக்குப் பொட்டு வைங்க. தோட்டாவை மட்டும் தொடாதீங்க. எண்ணெயும் பாலும் உள்ள எறங்குனா மருந்து செத்துப்போயிரும்."

பாத்தீங்களா பேச்ச? பூஜை பண்ணுனா சாகுமாம். கறி தின்னுட்டு வந்து நிக்கற ஆளு, என் பூஜைக்குக் குத்தம் சொல்றாரு. சரி மாப்ளன்னு சொல்லி அனுப்பிட்டேன். சாவி என்கிட்ட. மறுநா விடியக்காலையில எடுத்து, எப்பவும் செய்யறதை விட ஒரு பங்கு கூடவே செஞ்சேன். எண்ணெய் வழிய வழிய.

தீபாராதனை முடிஞ்சு எல்லாருக்கும் பொரி கடலை குடுத்துட்டு இருக்கறேன். செல்லாயின்னு ஒருத்தி, கொழுந்து பறிக்கறவ, தலைவிரிகோலமா ஓடி வர்றா. கூலிக்காரங்க குடியிருக்கற லைன் வீட்டுக்குக் கீழ தண்ணிக் கொழாகிட்ட ஒத்தைக் காட்டெருமை நிக்குதாம். பெரிய காளை. முந்தின வாரம் ஒரு ஆளக் குத்திப் போட்ட அதே மாடு. கொடத்தோட நின்ன பொம்பளைக செவுத்துக்கும் மாட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டாங்களாம்.

மாப்ள எங்கிருந்து வந்தாரோ, நேரா வந்து பலகையில இருந்த துப்பாக்கியில கைய வச்சாரு. பூஜையில வச்சத மறுநா காலையில மறுபூஜை பண்ணித்தானுங்க எடுக்கணும். மாப்ள, வெளக்கு இன்னும் எரியுதுன்னேன். காதுலயே வாங்கல. தாம்பாளத்தைப் பாத்தாரு. தோட்டாவெல்லாம் எண்ணெயில பளபளன்னு, சந்தனம் குங்குமத்தோட, பாக்கவே அம்சமா இருந்துச்சு. அப்பறம் என்னைப் பாத்தாரு. பொண்ணு குடுத்த வீட்டுக்காரனப் பாக்கற பார்வையா அது? கை நெறைய அள்ளிச் சட்டையில தொடச்சுக்கிட்டே ஓடுனாரு. பூஜைப் பொருளைச் சட்டையில தொடைக்கறாரு.

நான் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். அந்தத் துப்பாக்கி வெடிச்சா மலை பூராக் கேக்கும். ஒன்னும் கேக்கல. பொம்பளைக கத்தறது கேட்டுச்சு, மாடு சீறறது கேட்டுச்சு, வெடிச் சத்தம் மட்டும் இல்ல. யாரோ ஃபேக்டரி சங்கை ஊதி விட்டாங்க, அதுக்கு மெரண்டு மாடு காட்டுக்குள்ள போயிருச்சு. போயிப் பாத்தா பொம்பளைக அத்தனை பேரும் முழுசா நிக்கறாங்க. நம்ம பட்டாளத்து வீரரு மண்ணுல கெடக்கறாரு. வலது காலு முட்டிக்குக் கீழ கூழாப் போச்சு.

செல்லாயி ஒரு கதை சொன்னா. அவரு போயி மாட்டுக்கும் பொம்பளைகளுக்கும் நடுவுல நின்னாராம். துப்பாக்கியத் தூக்கிக் குறி வச்சாராம். தாப்பா போட்டுத் தொறக்கற மாதிரி சத்தம் வந்துச்சாம், மறுக்காவும் வந்துச்சாம், மறுக்காவும் வந்துச்சாம். மாடு மேல வந்து விழுற வரைக்கும் நகரவே இல்லையாம். அடிபட்டுக் கெடக்கறப்பக் கூட மண்ணுல தவழ்ந்து எதையோ பொறுக்குனாராம். காலைத் தேடுனாரோ என்னமோ. கொழுந்து பறிக்கறவளுக்குத் துப்பாக்கியப் பத்தி என்னங்க தெரியும்? ஏன் நகரலைன்னு எனக்குத் தெரியும். பயம். பயத்துல காலு மண்ணோட ஒட்டிக்கும். எலியப் பாத்தே எனக்கு ஒருக்கா அப்படி ஆயிருக்குது.

கீழ செதறிக் கெடந்த தோட்டாவெல்லாம் நானே பொறுக்கினேன். ஒன்னு கூட வெடிக்கல, எல்லாத்துலயும் குண்டு அப்படியே இருந்துச்சு. மண்ணு ஒட்டியிருந்தத நல்லாத் தொடச்சு, பொட்டு அழிஞ்சதுக்கு மறுபடி பொட்டு வச்சு, பெட்டியில போட்டுப் பூட்டினேன். பொறுப்புன்னா அதுங்க.

தொரை கூப்புட்டு விசாரிச்சாரு. சென்னியப்பன், என்ன நடந்துச்சுன்னாரு. சொந்த மாப்ளன்னு நான் பாக்கலைங்க. வெடிச் சத்தம் இல்ல, தோட்டா அத்தனையும் முழுசா இருக்குது, விசையைத் தொடவே இல்லைங்க சார், பயந்துட்டாருன்னேன். தோட்டா கெட்டுப் போயிருக்குமோன்னு கேட்டாரு. பூஜை பண்ணின தோட்டாங்க சார், வருஷா வருஷம் நானே பண்றது, கெடாதுன்னேன். நம்பிட்டாரு. நம்பாம? என் வார்த்தைக்கு அங்க அப்படி ஒரு மதிப்பு.

ஆஸ்பத்திரியில காலை எடுத்தாச்சு. நான் போயிப் பாத்தேன். மனுசன் அரை மயக்கத்துல கெடக்கறாரு, ஒரு கைய மட்டும் இறுக்கி மூடி வச்சிருக்கறாரு. நர்சம்மா விரிச்சுப் பாக்குது, முடியல. பயம் பாருங்க, மாடு போயி ரெண்டு நாளாகியும் கை விரியல.

அப்பறம் மயிலாத்தா ஆபீசுக்கே வந்துட்டா. கைக்கொழந்தை இடுப்புல. இன்னைக்கு மணவறையில உக்காந்தாளே, அந்தப் புள்ளதான். முந்தானையில எதையோ முடிஞ்சு வச்சுக்கிட்டு, "அண்ணா, இதக் கொஞ்சம் பாரு"ன்னு நிக்கறா. டைப்பிஸ்ட் பாக்கறான், பியூன் பாக்கறான். ஆபீஸ் நேரத்துல என்ன அம்மணி இது, வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டேன். இவரு மூணு தடவை விசைய இழுத்தாருண்ணா, வெடிக்கலண்ணான்னு அழுவறா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சுடத் தெரியாதவன் தோட்டா சரியில்லைன்னானாம். அவ கையில இருந்தத நான் பாக்கவே இல்ல. என்னத்தைப் பாக்கறது? ஏதாவது வேண்டுதல் கயிறா இருக்கும்.

இதுக்கு மேலயும் சந்தேகம்னா கேளுங்க. அடுத்த வாரம் தொரையோட சிநேகிதரு ஒருத்தரு வந்தாரு, பெரிய வேட்டைக்காரரு. தன்னோட துப்பாக்கி ரிப்பேருன்னு நம்ம துப்பாக்கியத்தான் எடுத்துக்கிட்டாரு. அதே தேர்ட்டி நாட் சிக்ஸ். பூஜை பண்ணினது இருக்குதுங்க சார்னு பெட்டிய நீட்டினேன். ஒன்ன எடுத்து மோந்து பாத்தாரு, சிரிச்சுட்டு வேண்டாம்னுட்டாரு. அவரு வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, சாமி பூஜை நமக்கு எதுக்குன்னு நெனச்சிருப்பாரு. தன் பையில இருந்து புதுசா எடுத்துப் போட்டாரு. ஒரே வெடி. காளை அப்படியே மடங்கி விழுந்துச்சு. இப்பச் சொல்லுங்க. துப்பாக்கி நல்லதா? நல்லது. தோட்டா நல்ல ஜாதித் தோட்டாவா? ஆமா. அப்பக் கெட்டது எது? ஆளு. கணக்கு நேராத்தானே இருக்குது. அந்தப் பெட்டிய அப்பறம் தொரை பள்ளத்துல வீசச் சொல்லிட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல.

மாப்ளைய வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. லைன் பசங்க அவருக்கு வெடிக்காத சிப்பாய்னு பேரு வச்சானுக. வச்சது நான் இல்லைங்க, நான் ஒருக்காச் சும்மா சொன்னேன், அவனுக புடிச்சுக்கிட்டானுக. உடுமலைக்குப் போயி ஒரு பள்ளிக்கூடத்துல மணியடிக்கற வேலை பாத்தாரு. துப்பாக்கியில வராத சத்தத்தை மணியிலயாவது வரவச்சுக்கட்டும். அன்னையிலிருந்து மயிலாத்தா என்கிட்டப் பேச்சு இல்ல. எங்கப்பன் செத்ததுக்கு வந்தா, பொணத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து அழுதுட்டுப் போயிட்டா. எங்கம்மா சாகறப்ப என் கையில ஒப்படைச்ச புள்ளைங்க அது. தலை சீவி விட்டுப் பள்ளிக்கூடம் கூட்டிட்டுப் போனது நானு. என்னைப் போயி முறுக்குக்காரனுக்குப் பின்னால உக்கார வச்சுட்டாளேன்னு நெனச்சா வயிறு எரியுது.

மாப்ள இன்னைக்குக் கட்டையை ஊனிக்கிட்டு எந்திரிச்சு வந்து, வாங்க மச்சான், சாப்பிட்டுட்டுப் போங்கன்னாருங்க. அதே சிரிப்பு. காலு போனாலும் அது போகல. சூடு சொரணை இருக்கற மனுசன் சிரிப்பானா? மணியடிக்கறதுக்கு அது எதுக்குன்னு விட்டுட்டாரு போல.

ஆனா ஒன்னு. பொறப்படறப்ப மயிலாத்தா தாம்பூலப் பைய அவளே கொண்டாந்து ரெண்டு கையாலயும் குடுத்தா. மத்தவங்களுக்கெல்லாம் வாசல்ல சின்னப் பசங்கதான் குடுத்தாங்க. "அண்ணா, வீட்டுக்குப் போயி இதக் கொஞ்சம் பாரு"ன்னா. இத்தனை வருஷம் கழிச்சு அண்ணாங்கறா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. தப்ப உணர்ந்துட்டா. என்ன இருந்தாலும் கூடப் பொறந்த ரத்தமில்லையா?

அட்டகட்டி ஸ்டாப்பு வந்துருச்சா? இருங்க, ஒரு பழம் சாப்பிடுங்க. நான் தனியாத் தின்ன மாட்டேன். வெத்தலை, பாக்கு, தேங்காய்... இதென்ன அடியில, துணியில சுத்தி, கனமா இருக்குது.

அட.

பாத்தீங்களா, பாத்தீங்களா. இதுதாங்க அது. நம்ம தேர்ட்டி நாட் சிக்ஸ். இத்தனை நாளா வச்சிருந்திருக்கறா பாருங்க, அண்ணன் பூஜை பண்ணினதுன்னு. பித்தளை கறுத்துப்போச்சு, ஆனா குண்டு அப்படியே இருக்குது. வெடிக்கவே இல்ல, நான் சொன்னேன்ல? புடிங்க, தைரியமாப் புடிங்க, ஒன்னும் ஆகாது. திருப்பி அடியப் பாருங்க. குங்குமம் ஒட்டிட்டு இருக்குதுங்களா? நான் வச்சது. எத்தனை வருஷமாச்சு, அழியல பாருங்க.

என்ன? குழியா? எங்க?

இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன். பொட்டுக்கு நடுவுலயா? ஆமா, சின்னதா ஒரு பள்ளம் இருக்குது. உள்வாங்கித்தான் இருக்குது. அது... அது எப்படின்னா, நான் குங்குமம் வைக்கறப்ப மோதிர விரலால அழுத்துவேன்னு சொன்னேன்ல? வருஷா வருஷம் அதே எடம். அதாங்க. வேற எதனால விழும்? இவருதான் விசையைத் தொடவே இல்லையே.

என்னங்க, நீங்க ஏன் அதப் போட்டு அந்த அழுத்து அழுத்திப் பாக்கறீங்க? உங்க விரலுக்கெல்லாம் விழாதுங்க. அதுக்குப் பூஜை பண்ற விரல் வேணும். குடுங்க இப்படி.